பப்பாளிக்கு ஒரு வாளி

டாக்குரியா,
17 நவம்பர் 2005

அண்ணன் கலியன் அவர்களுக்கு நீலாவதி எழுதுவது.

பத்து மாதம் கழித்து எழுதுகிறேன் என்பதால் சமாதானம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். காரியமாகத்தான் எழுதுகிறேன்.

காளி பூஜை முடிந்ததிலிருந்து, நீங்கள் செய்துகொடுத்த ஸ்டூடியோ கம்ப்யூட்டர் மறுபடியும் பழைய வேலையைக் காட்டுகிறது. மைக்கிலிருந்து குரலை வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற அந்த ஆடியோ பெட்டி, நான் பாடிக்கொண்டிருக்கும்போதே தொடர்பை விட்டுவிடுகிறது. நீல விளக்கு படபடவென்று அடித்து அணைகிறது. பெட்டி இணைக்கப்படவில்லை என்று திரையில் வருகிறது. பெட்டி மேஜை மேல்தான் இருக்கிறது. கம்பியும் செருகித்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்துப் போட்டால் வருகிறது. அடுத்த சரணத்தில் மறுபடி போகிறது.

மழைக்காலம் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. "உங்க அண்ணன் கை படலைன்னா அது ஒழுங்காத்தான் ஓடும்" என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது உங்கள் கை படாமலேயே போகிறது. அதை வாய்விட்டுச் சொன்னேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பழைய சாமான் பழைய சாமான்தான். தப்பு சாமான்ல இல்லேன்னு காட்டு. அன்னிக்கு நானே ஹவுரா ஸ்டேஷனுக்குப் போய் உங்க அண்ணனைக் கூட்டிட்டு வரேன்."

அக்ஷராவுக்கு மாசி இருபதாம் தேதி கல்யாணம். பையன் சாய் கிருஷ்ணா, பவானிபூர், இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. தாய்மாமன் இடத்தில் யார் நிற்கப்போகிறார்கள் என்று சம்பந்தி வீட்டில் கேட்டார்கள். அவர் என்னைக் காபி கொண்டுவரச் சொன்னார். நானும் உள்ளே போய்விட்டேன்.

தப்பு எங்கே இருக்கிறது என்று அங்கிருந்தே கண்டுபிடிக்க முடியுமானால் எழுதவும். என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் அவர் வெளியே போகும் நேரம் பார்த்துச் செய்து பார்க்கிறேன். போன் வேண்டாம். வீட்டில் இருப்பது ஒரு கைபேசி, அது அவர் சட்டைப்பையில் இருக்கிறது. கடிதத்தை மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா தாரா மாசிமா பெயருக்குப் போடவும். அவருக்குத் தமிழ் தெரியாது.

நீலாவதி


ஜம்ஷெட்பூர்,
24 நவம்பர் 2005

நீலாவதி அம்மையார் அவர்களுக்கு,

என்னை 'அவர்கள்' போட்டு எழுதியிருக்கிறாய். 'நீங்கள்' வேறு. சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டுதான் மீதியைப் படித்தேன். நாற்பத்தெட்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை. கடை முதலாளிக்கு வாசித்துக் காட்டினேன். பீகார்க்காரர், ஒரு எழுத்து புரியாது. ஆனாலும் எழுந்து நின்றார்.

நான் படித்தது கிதர்பூர் துறைமுகக் குவார்ட்டர்ஸ் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான் என்பது உனக்குத் தெரியும். எழுத்து கோணலாக இருந்தால் தாளைக் கோணலாகப் பிடித்துப் படித்துக்கொள்.

நான் இங்கே சௌக்கியம். யுபிஎஸ் ரிப்பேர் கடையில் பாட்டரிக்கு ஆசிட் ஊற்றுகிறேன். என் கையால் ஒரு கம்ப்யூட்டர் செய்து பத்து மாதம் ஆகிறது. மாப்பிள்ளை சாந்தினி மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, "சொந்தத் தங்கச்சி வீட்டுக்கே பழசை மாட்டினவன்" என்று சொல்லிவிட்டு வந்த பிறகு எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்? பாங்க்கில் இருபத்திரண்டு வருடம் ஒரு நாளும் இவ்வளவு சுறுசுறுப்பாக அவர் வேலை செய்திருக்க மாட்டார். அதனால்தான் விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பினார்களோ என்னவோ.

சரி, காரியத்துக்கு வருகிறேன்.

முதலில் கம்பி. ஆடியோ பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகிற சாம்பல் நிறக் கம்பி மூன்று மீட்டர் நீளம். நீளம் கூடினால் சில பெட்டிக்குச் சேராது. மேஜையின் கீழ் டிராயரில் ஒரு முழம் நீளத்துக்கு இன்னொன்று சுருட்டி வைத்திருக்கிறேன். புதுசு. அதை மாட்டு. மாட்டிய பிறகு முனையை லேசாக ஆட்டிப் பார். ஆறு வயதுப் பிள்ளையின் பல் மாதிரி ஆடினால் எழுது.

இரண்டாவது, ஒரு நோட்டுப் போடு. எத்தனை மணிக்குப் போனது, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று குறித்து வை. மாசிமா மாடியில் தண்ணீர் மோட்டார் போட்டாரா, ரயில் போனதா, யார் பாடினார்கள், யார் வாசித்தார்கள். மாப்பிள்ளை எப்போதெல்லாம் கத்தினார் என்று குறிக்க வேண்டாம், ஒரு நோட்டு போதாது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பிறகு கேட்கிறேன்.

உன் மரியாதைக்குரிய,
கலியன் அவர்கள்


டாக்குரியா,
5 டிசம்பர் 2005

அண்ணே,

போதுமா? 'நீங்கள்' போய்விட்டது.

மாசிமா உன் கடிதத்தை மாடிப்படியிலிருந்தே ஆட்டிக் காட்டி, "தொமார் தாதார் சிட்டி!" என்று, அண்ணன் கடிதம் வந்ததைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். நல்ல வேளை, இவர் குளியலறையில் இருந்தார். மாடியில் உட்கார்ந்து படித்தேன். பீகார் முதலாளி எழுந்து நின்ற இடத்தில் சிரித்துவிட்டேன். ஆசிட் என்ற இடத்துக்கு வந்ததும் மாசிமா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

குட்டைக் கம்பியை மாட்டினேன். ஆடவில்லை, கெட்டியாக நிற்கிறது. இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் முதல் பல்லவியிலேயே போய்விட்டது. ஆக, கம்பி இல்லை.

நோட்டில் பதினோரு தடவை குறித்திருக்கிறேன். ரயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மோட்டார் ஓடும்போது இரண்டு தடவை போயிருக்கிறது. மீதி ஒன்பதும் நான் பாடும்போது. பெங்காலிப் பையன்கள் வந்து நாள் முழுக்க கீபோர்டு வாசித்துவிட்டுப் போகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. நான் போய் மைக் முன்னால் நின்றால்தான் ஆகிறது. இவர் அதையும் கவனித்துவிட்டார். "பெட்டிக்கே உன் குரல் ஆகலை போலிருக்கு, மெட்ராஸ்காரன் மேல என்ன தப்பு?" என்கிறார்.

மெட்ராஸ்காரர் என்று அவர் சொல்வது போன ஜனவரியில் சென்னையிலிருந்து வந்த கேசட் கம்பெனி ஆளை. உனக்கு ஞாபகம் இருக்கும். நாலாவது பாட்டில் மூன்று தடவை பெட்டி அணைந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், "பரவாயில்லைம்மா, அங்கேயே வேற யாரையாவது வெச்சு எடுத்துக்கறோம்" என்றார், செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் ஹெட்போனைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் இவர் கம்ப்யூட்டரைக் கவிழ்த்தார். அடியில் வெள்ளைப் பெயிண்ட்டில் ஏதோ ஒரு ஆபீசின் சாமான் நம்பர் எழுதியிருந்தது. பாங்க்கில் இருந்தவருக்கு அந்த நம்பரைப் பார்த்ததும் புரியாதா? ஏலத்தில் போன சரக்கு என்று. அந்த நம்பரைப் பற்றி எனக்காவது நீ முதலிலேயே ஏன் சொல்லவில்லை? இத்தனை மாதமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து என்ன செய்ய வேண்டும், எழுது.

நீலா


ஜம்ஷெட்பூர்,
11 டிசம்பர் 2005

நீலா,

அந்த நம்பர் நிஜம். வெளிக்கூடு மட்டும் பழசு. வெறும் தகரக்கூடு. மூடிப்போன ஒரு ஆபீசின் ஏலத்தில் நானே பொறுக்கி எடுத்தது. ஏன் என்று கேள். புதுக் கூடுகள் எல்லாம் அப்பளம் மாதிரி இருக்கின்றன. உள்ளே விசிறி சுற்றினால் கூடு உறுமும், அந்த உறுமல் உன் பாட்டில் விழும். பழசில் தகடு கனம். சத்தமே வராது. உள்ளே இருக்கிற ஒவ்வொரு சாமானும் என் கண் முன்னால் உறை பிரித்தது. போர்டு, கார்டு, டிஸ்க் எல்லாம். சொல்லாதது தப்புதான். பெயிண்ட் அடித்து மறைத்திருக்கலாம். மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை, ஏனென்றால் திருடியதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அன்றைக்கு மாப்பிள்ளை எல்லார் முன்னாலும் என்னைத் திருடன் என்றார். உன் மகள் அழுதாள். மாசிமா கூட மாடியிலிருந்து ஏதோ சொன்னார். நீ அந்த ஹெட்போனோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் செருப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை, அப்புறம் கிடைத்தது. அதுவரைக்கும் நீ திரும்பவில்லை. வழக்கமாக என் செருப்பை ஒளித்து வைப்பவள் நீதானே, ஒருவேளை அதனால்தான் திரும்பவில்லையோ என்று ஜம்ஷெட்பூர் வருகிற ரயிலில் நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிர் சீட்டில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

அதற்குப் பதில் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. இதைச் செய்.

மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூட்டின் இடது பக்கத் தகட்டைக் கழற்று. நாலு ஸ்க்ரூ. கொதிக்கிற எண்ணெயில் பூரி போடப் பயப்படாதவள் இதற்கும் பயப்படாதே. உள்ளே ஆடியோ கம்பி வந்து செருகுகிற பச்சை அட்டை, மேலிருந்து இரண்டாவது. சில சமயம் ஒரே வாசல் வழியாக இரண்டு அட்டை போக நினைத்தால் முட்டிக்கொண்டு ஒன்று வெளியே விழும், துர்கா புஜோ நேரத்து கரியாஹாட் கடைத்தெரு மாதிரி. அதைப் பிடுங்கி, கடைசி இடத்தில் செருகு. அட்டையின் ஓரத்தை மட்டும் பிடி.

மழையில் ஒழுங்காக இருந்து பனி தொடங்கியதும் போகிறது என்பது என் மண்டையைக் குடைகிறது. போன வருடமும் அப்படித்தானே? பெட்டிக்கு ஜலதோஷமா?

கலியன்


டாக்குரியா,
22 டிசம்பர் 2005

அண்ணே,

அட்டையை மாற்றிவிட்டேன். கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்க்க அவர் கரியாஹாட் போயிருந்தார். அக்ஷராவை வாசலில் நிறுத்திவிட்டுச் செய்தேன். ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்து, அதை எடுக்க மாசிமாவின் புருவம் பிடுங்குகிற இடுக்கி தேவைப்பட்டது. சொன்ன இடத்தில் செருகி, மூடி, போட்டேன். வேலை செய்தது. பாடினேன். ஐந்து நிமிஷம். போய்விட்டது.

எனக்கு வெறுத்துவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில். அன்றைக்கு ஏன் திரும்பவில்லை என்றால், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நீ விளையாட்டாக ஏதோ செய்துவிட்டாய் என்று. பணத்துக்காகச் செய்திருப்பாய் என்று நினைக்கவில்லை. அதுவும் ஒரு வேடிக்கை, எல்லாவற்றையும் போல, என் பிழைப்பும் உனக்கு ஒரு வேடிக்கை என்று நினைத்தேன். நாற்பத்திரண்டு வயதில் ஒருத்திக்குக் கேசட் போட ஆள் வருவது ஒரு தடவைதான் நடக்கும். அது நடந்த நாளில் அப்படி ஆனது. உன்னைத் திரும்பிப் பார்த்தால் நீ சிரித்துக்கொண்டு நிற்பாய் என்று பயமாக இருந்தது.

இப்போது மைக் என்றாலே எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிறது. யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டாண்டைப் பிடித்தால் விரல் நுனியில் எறும்பு ஊறுகிறது. உதடு மைக்கில் பட்டால் சுர்ரென்கிறது. அவரிடம் ஒரு தடவை சொன்னேன். "பயம். நரம்புத் தளர்ச்சி. டாக்டர்கிட்ட போ" என்றார். நிஜமாகவே பயம்தான் போலிருக்கிறது. எப்போதும் போலச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் போய் நிற்கிறேன். ஒரு பயனும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் பெரியப்பா மகன் செல்வராஜ் அண்ணனை இவர் சால்ட் லேக் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எதற்கு என்று சொல்லவில்லை. அண்ணி மட்டும் போன வாரம் கோயிலில், "மாமன் சீர் தட்டு எத்தனைம்மா உங்க பக்கம்?" என்று என்னைக் கேட்டாள்.

நீலா


ஜம்ஷெட்பூர்,
27 டிசம்பர் 2005

அடி பைத்தியமே!

டாக்டரிடம் போகாதே. போனால் அவர் உனக்கு மாத்திரை கொடுப்பார், மாத்திரை வேண்டியது கம்ப்யூட்டருக்கு. உனக்குப் பயமும் இல்லை, நரம்புத் தளர்ச்சியும் இல்லை. ஷாக் அடிக்கிறது. சின்ன ஷாக்! பதினோரு மாதம் முன்னால் இதைச் சொல்லியிருந்தால் நான் ஆசிட் வாளியைத் தூக்கியிருக்க வேண்டாம். உதட்டில் சுர்ரென்றதும் அதைக் கூச்சப்பட்டு வைத்துக்கொள்வது உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

கவனமாகப் படி. கம்ப்யூட்டருக்குள் கொஞ்சம் கரண்ட்டு எப்போதும் கசிந்து கூட்டின் இரும்பில் சேரும். அது போவதற்கு ஒரு வழி வேண்டும். அதுதான் எர்த். மூன்றாவது பின். அந்த வழி அடைபட்டால் கரண்ட்டு கூட்டிலேயே நிற்கும், அங்கிருந்து ஆடியோ பெட்டி, பெட்டியிலிருந்து மைக். பெங்காலிப் பையன்கள் ஸ்டூலில் உட்கார்ந்து பிளாஸ்டிக் கட்டையைத் தட்டுகிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. நீ சாமி கும்பிட்டுவிட்டு வெறுங்காலோடு சிவப்பு சிமெண்ட்டுத் தரையில் நின்று இரும்பில் வாயை வைக்கிறாய். கரண்ட்டுக்கு வழி கிடைத்துவிட்டது, அந்த வழி நீ. அந்த ஒரு நொடியில் ஆடியோ பெட்டி பதறிப்போய்த் தொடர்பை விடுகிறது. மோட்டார் போட்டால் போவதும் இதனால்தான்.

டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் டிராயரில் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஓடும்போது அதன் நுனியைக் கூட்டின் ஸ்க்ரூ மேல் வைத்துப் பின்பக்கம் விரல் வை. உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தால் நான் சொன்னது சரி. அதுவரை ரப்பர் செருப்போடு பாடு, சாமி கோபித்துக்கொள்ளாது.

ஆனால் எர்த் எப்படிப் போகும்? நானே குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, பின்கட்டில் மாசிமாவின் பப்பாளி மரத்தடியில் குழாய் இறக்கியிருக்கிறேன். மழையில் மண் தானாக நனையும். பனிக்காலத்தில் காயும் என்றுதான் உன்னிடம் தினம் ஒரு வாளி ஊற்றச் சொன்னேன். ஊற்றுகிறாய் அல்லவா? குழாயிலிருந்து வருகிற கம்பி அறுந்திருக்கிறதா பார். எலி கடித்திருக்கும்.

எலியோ என்னவோ, பழைய சாமான் இல்லை! மாப்பிள்ளையிடம் ஹவுரா பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து வைக்கச் சொல். அக்ஷராவுக்கு இன்றைக்கே பிஷ்டுபூரில் பட்டு எடுத்துவிட்டேன். மாம்பழக் கலர், அரக்கு பார்டர். மாமன் எடுத்தது என்று பார்த்ததும் தெரிய வேண்டும், அவ்வளவு கண்றாவியாக இருக்கிறது.

கலியன்


டாக்குரியா,
5 ஜனவரி 2006

அண்ணே,

டெஸ்டர் எரிந்தது. பளிச்சென்று எரிந்தது.

கம்பி அறுபடவில்லை. எலியும் கடிக்கவில்லை.

நான் தண்ணீர் ஊற்றவில்லை.

ஒரு நாள் கூட ஊற்றவில்லை. குழாயைச் சுற்றி மண் வெடித்துக் கிடக்கிறது. குழாய் வாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது.

நீ குழி வெட்டிய அன்றைக்கு என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கையில் மண்வெட்டியோடு நின்றுகொண்டு, "இவர்தான் குழாயீஸ்வரர். பனி ஆரம்பிச்சா தினம் ஒரு வாளி அபிஷேகம். விட்டேன்னு வெச்சுக்க, உன் குரலைப் பிடிச்சுக்குவார்" என்றாய். குழாய்க்கு ஒரு கும்பிடு வேறு போட்டாய். மாசிமா சிரித்தார், இவர் சிரித்தார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய்.

கிதர்பூரில் எனக்கு எட்டு வயது. குவார்ட்டர்ஸ் வாசல் விளக்குக் கம்பத்துக்குத் தினம் தண்ணீர் ஊற்றினால் இன்னொரு பல்பு முளைக்கும் என்று நீதான் சொன்னாய். ஆறு நாள் ஊற்றினேன். ஏழாம் நாள் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டி வந்து சுவருக்குப் பின்னால் நிறுத்தி வைத்தாய். அவர்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பதினைந்து வயதில் குவார்ட்டர்ஸை விட்டுப் போகும்வரை என்னை 'கம்பம்' என்றுதான் கூப்பிட்டார்கள். குழாயைக் காட்டி நீ அதையே சொன்னபோது, இந்தத் தடவை மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவ்வளவுதான். மெட்ராஸ்காரர் எழுந்து போனது என்னால். உன்னைத் திருடன் என்றது என்னால். நான்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீலா


ஜம்ஷெட்பூர்,
10 ஜனவரி 2006

நீலா,

கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். சிரித்தேன். முதலாளி ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார். இந்தியில் சொல்ல ஆரம்பித்தேன், கம்பம் வரைக்கும் சொன்னேன். வெளியே போய் நின்றேன்.

மூன்றாம் வகுப்பு வரை படித்தவனுக்கு வேறு என்ன இருக்கிறது? நாலு பேர் நடுவில் நின்றால் சிரிக்க வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் என்னை யார் பார்ப்பார்கள்? அந்தக் குழாய் விஷயத்தை உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, முகத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டு சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். மாப்பிள்ளை முன்னால் முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ள எனக்குக் கூச்சம். எனக்கு இவ்வளவு தெரியும் என்று காட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும். அதனால் கும்பிடு போட்டேன்.

இப்போது செய்ய வேண்டியது. இன்றைக்கே ஊற்ற ஆரம்பி. முதல் மூன்று நாள் மூன்று வாளி, பிறகு ஒன்று. டெஸ்டர் எரியாது. உதடு சுர்ரென்னாது. பெட்டி தொடர்பை விடாது.

அப்புறம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் குழாயைக் காட்டு. நீ ஊற்றவில்லை என்று சொல்ல வேண்டாம். ஊற்றச் சொல்லி அண்ணன் சொல்லவே இல்லை, மறந்துவிட்டான் என்று சொல். மறதிக்காரன் என்று திட்டட்டும். மறதிக்காரன் என்றால் தாங்கிக்கொள்வேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. சாமான் பழசில்லை. அதை அவர் வாயால் சொன்னால் போதும். ஹவுராவுக்கு வர வேண்டாம், எனக்கு டாக்குரியாவுக்கு வழி தெரியும்.

பொங்கலுக்கு என்ன செய்கிறாய்? இங்கே நான் பொங்கினால் பாட்டரி ஆசிட்தான் பொங்கும்.

கலியன்


டாக்குரியா,
3 பிப்ரவரி 2006

அண்ணே,

மூன்று வாரமாகப் பதில் போடவில்லை. நேற்று சரஸ்வதி பூஜை. தெரு முழுக்கப் பிள்ளைகள் மஞ்சள் உடுத்திக்கொண்டு போனார்கள். இன்றைக்காவது எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

பொங்கல் அன்றைக்கு ஊற்ற ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் டெஸ்டர் அணைந்தது. வெறுங்காலோடு நின்று உதட்டை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் இரும்பு.

அன்று சாயங்காலமே அவரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அவர் சாந்தினியிலிருந்து ஒரு பையோடு வந்தார். உள்ளே ஒரு கம்பி. பெருவிரல் தடிமன், முனையில் தங்கப் பூச்சு. வெளிநாட்டுச் சரக்காம். பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு அதை மாட்டி, "பாடு" என்றார். பாடினேன். முழுப் பாட்டும் போனது. "இன்னொண்ணு" என்றார். ஆறு பாட்டு, அண்ணே. விளக்கு நீலமாக அப்படியே நின்றது. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "பாத்தியா! என் கேபிள்! பாத்தியா நீலா!" என்று கத்தினார். பாங்க்கை விட்டு வந்த நாளிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு, "நம்ம ஸ்டூடியோவை நானே சரி பண்ணிட்டேன்" என்றார்.

"குழாய்..." என்று வாயெடுத்தேன். "என்ன குழாய்?" என்றார். அந்த முகத்தைப் பார்த்தேன். "குழாயில தண்ணி நின்னுடும், பப்பாளிக்கு ஊத்தணும்" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

நீ கொடுத்த பொய்யைக் கூட எடுத்துக்கொள்ளவில்லை. அதில் என் மேல் பழி இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் எதைச் சொன்னாலும் அந்தச் சிரிப்பு போய்விடும். கல்யாணம் வரைக்குமாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கு மறுநாள் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. தாய்மாமன் என்ற இடத்தில் செல்வராஜ் அண்ணன் பெயர் இருக்கிறது.

அக்ஷரா பத்திரிகையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

கல்யாணம் முடிந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன். அதுவரை மாசிமா பெயருக்கும் கடிதம் போட வேண்டாம். வீட்டுக்கு ஆட்கள் வந்துபோகிறார்கள்.

நீலா


ஜம்ஷெட்பூர்,
9 பிப்ரவரி 2006

நீலா,

போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். இது ஒன்று மட்டும். மாசிமா கத்தினால், ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்.

நீ சொல்லாததில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அதுதான் கேலி. அதனால் எழுதவில்லை.

போன வருடம் நீ திரும்பாமல் நின்றபோது உனக்கு ஒன்றும் தெரியாது. இந்தத் தடவை தெரியும். அது இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முயற்சி செய்தேன். முடியவில்லை. கல்யாணம் முடிந்ததும் சொல்கிறேன் என்கிறாய். கல்யாணம் முடிந்த பிறகு தாய்மாமனை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்?

பட்டைத் திருப்பிக் கொடுக்க பிஷ்டுபூர் போனேன். கடைக்காரன் பிரித்துப் பார்த்து, "கலர் பொண்ணுக்குப் பிடிக்கலியா?" என்று கேட்டான். பிடித்திருக்கிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே. என் பெட்டியில் இருக்கிறது.

மாப்பிள்ளை வாங்கிய கேபிள் நல்ல கேபிளாகத்தான் இருக்கும். அதன் மேல் குற்றம் இல்லை.

இனி நான் எழுதுவது பெட்டிக்காக. ஸ்டூடியோ உன் பிழைப்பு, அது நிற்கக் கூடாது. பங்குனி, சித்திரையில் ஒரு வாளி போதாது, இரண்டு. மழை பிடித்ததும் நிறுத்தலாம். காளி பூஜைக்குப் பத்து நாள் முன்னால் மறுபடி ஆரம்பி. யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள், நோட்டில் எழுதி வை. குழாயின் கழுத்தில் கம்பி கட்டியிருக்கிற பட்டை துருப்பிடிக்கும், வருடத்துக்கு ஒரு தடவை உப்புத்தாள் போட்டுத் தேய். குழாய் வாயில் இருக்கிற சிலந்திக்கூட்டை எடுத்துவிடு.

நான் சொல்வதில் எதுவும் விளையாட்டு இல்லை. தேடாதே.

கல்யாணத்தன்று விடியற்காலை மண்டபத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் மறந்துவிடாதே. வீடு முழுக்க ஜனம் இருக்கும். பட்டுப்புடவையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறாய் என்று யாராவது கேட்பார்கள். செல்வராஜே கேட்டாலும் கேட்பான்.

பப்பாளிக்கு என்று சொல்.

கலியன்